புறங்கையில் ஊதாப் பொட்டு

எங்கள் பண்ணையில் ஊசி போட்ட கோழியின் முதுகில் ஊதா மருந்தைத் தொட்டு ஒரு பொட்டு வைப்போம். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவுவார்களே, அதே ஊதா மருந்துதான். கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால், தரையில் விட்டு வளர்க்கிற பருவத்தில், ஒரு கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கோழிகள் நிற்கும். எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று எவனாலும் பார்த்துச் சொல்ல முடியாது. பொட்டு இருந்தால் விடு. இல்லையென்றால் பிடி. அவ்வளவுதான்.

நான் பிடிக்கிறவள். மோகனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பல வருஷமாக வேலை. மற்ற நாளில் முட்டை பொறுக்குவேன், தட்டில் அடுக்குவேன். ஊசி போடுகிற நாளில் விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள், கோழி பிடிப்பேன். இரண்டு இறக்கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்து நெஞ்சைக் காட்ட வேண்டும். ஊசிக்காரர் குத்துவார். என்னோடு சோடியாக வேலை செய்கிற அக்கா பொட்டு வைப்பாள். கோழி கத்தும், காலால் கீறும், அதன் நெஞ்சு என் விரலுக்குள் அடித்துக்கொள்ளும். விட்டால் ஓடிப்போய்ச் சற்று நேரத்தில் தீவனம் தின்னும். பரிதாபப்பட நேரம் இருக்காது. அடுத்ததைப் பிடிக்க வேண்டும்.

ஊசி வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஒரு தடவை என்னமோ காரணத்தால் ஒரு கொட்டகைக்கு மட்டும் போடாமல் தள்ளிப்போட்டார்கள். சீக்கு வந்தபோது பக்கத்துக் கொட்டகை தப்பி நின்றது, போடாத கொட்டகை விழுந்தது. செத்ததை எல்லாம் சாக்கில் கட்டிக் குழிக்குச் சுமந்தது நாங்கள்தான். அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. அதனால் நான் சொல்லப் போவதைப் படித்துவிட்டு, ஊசியே விஷம், ஊசிக்குள் என்னமோ வைத்திருக்கிறார்கள் என்று போனில் அனுப்புகிற கூட்டம் எனக்குக் கைதட்ட வேண்டாம். நான் உங்கள் ஆள் இல்லை.

கொரோனா இரண்டாம் தடவை வந்து ஊரை உலுக்கிவிட்டுப் போன சமயத்தில் ஊசியும் வந்தது. முதலில் எங்கள் ஊரில் ஒருத்தரும் போகவில்லை. பிறகு எல்லோரும் போனார்கள். நடுவில் என்ன நடந்தது என்றால், ஒவ்வொரு இடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்கள். நூறு நாள் வேலையில் ஊசி போட்டாயா என்று கேட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, போடாதவர்கள் பொது இடத்துக்கு வரக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். இது சட்டமா, மிரட்டலா, வெறும் வாய்ப்பேச்சா என்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. கேட்டால் மேலே இருந்து ஆர்டர் என்றார்கள். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பண்ணைக்கும் ஆர்டர் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் என்னைவிட ரொம்பச் சின்னவன். படித்தவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோழிகளோடு கிடந்து கிடந்து அவனுக்கு மனிதர்களும் கொட்டகையாகத்தான் தெரிவார்கள். ஊசி போடுகிறவர்களைத் தீவன குடோனுக்கே வரவழைத்தான். எங்களை வரிசையில் நிறுத்தினான். போட்டு முடித்தவர்கள் மறுபடி வரிசையில் கலந்து நின்று கதை பேசினார்கள். யார் போட்டது, யார் போடாதது என்று அவனுக்குக் குழம்பியது. எரிச்சலோடு உள்ளே போய் ஊதா மருந்துப் பாட்டிலை எடுத்து வந்தான். ஊசி போட்ட ஒவ்வொருத்தர் புறங்கையிலும் ஒரு பொட்டு வைத்தான்.

கேலிக்காகச் செய்யவில்லை. அதுதான் எனக்குக் கடுப்பு. அவனுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. எங்கள் ஆட்களுக்கும் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள். ஒருத்தன் கோழி மாதிரிக் கொக்கரித்துக் காட்டினான்.

என் முறை வந்தது. எனக்கு வேண்டாம் என்றேன்.

“ஏனுங்க்கா, பயமா?” என்றான் சூப்பர்வைசர்.

“பயமில்லீங்க சார். வேண்டாம்.”

“வேண்டாம்னா என்னங்க்கா அர்த்தம்?”

“வேண்டாம்னு அர்த்தம்.”

பின்னால் நின்ற தீவன வண்டி டிரைவர், “கோழி புடிக்கறவளயே புடிக்கறதுக்கு ஆளு வேணுமாட்ட இருக்குது” என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. பண்ணை வாசலில் நூறு சதவீதம் என்று போர்டு வைக்கப் போகிறோம், உங்கள் ஒருத்தரால் அது கெட வேண்டுமா என்று சூப்பர்வைசர் கேட்டான். கேட்டுக்கொண்டே, வாங்க்கா என்று என் மேல்கையைப் பிடித்தான். பலமாகப் பிடிக்கவில்லை. ஆனால் பிடித்தான். ஒரு உடம்பை எங்கே பிடித்தால் அது திமிறாது என்று எனக்குத் தெரியும், அது என் தொழில். உதறினேன். அவனுடைய இன்னொரு கையில் இருந்த ஊதா மருந்து அவன் சட்டையிலேயே கொட்டியது.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து புறங்கையில் பொட்டு இருந்தால்தான் கேட்டைத் தாண்டலாம் என்று முதலாளி சொல்லிவிட்டதாக அன்று சாயங்காலம் தகவல் வந்தது. போனில் வருகிற சர்டிபிகேட்டைப் படிக்க வாட்ச்மேனுக்குத் தெரியாது. பொட்டு என்றால் தெரியும். என் மகள் திருச்செங்கோட்டில் ஆஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். நான் வேலைக்குப் போகவில்லை என்றால் அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு நடந்து போகும்போது அந்த அக்கா வேப்பமரத்தடியில் எனக்காக நின்றிருந்தாள். அவள் வீட்டில் கொழுந்தன் கொரோனாவில் செத்தவர். ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைப்பதற்குள் ஆம்புலன்சிலேயே மூச்சு நின்றுவிட்டது. அன்று வரிசையில் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டியவள் அவள்தான். எனக்கு என்ன சொல்லப் போகிறாளோ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். அவள் இடுப்பில் சொருகியிருந்த சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஊதா மருந்து. ஒரு தீக்குச்சியும் வைத்திருந்தாள்.

“கைய நீட்டு.”

“பொய்யில்லியாக்கா?”

“பொட்டு வெக்கறதுல என்ன பொய்யி? நெத்தியில வெக்கறவளெல்லாம் நெசமா பேசறா?” என்று சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாள். வைத்த கையை விடவில்லை. “என்ற கொழுந்தனத் தூக்கிட்டுப் போன மாதிரி உன்னயத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள, நீயாப் போயிப் போட்டுக்க சாமி. அது வரைக்கும் நா வெச்சு உடறேன்.”

ஏன் போடவில்லை என்று அவள் கேட்கவில்லை.

வாட்ச்மேன் கையைப் பார்த்தான், விட்டான். எங்கேயோ போய் ஊசி போட்டுப் பொட்டும் வாங்கிவிட்டேன் என்று சூப்பர்வைசர் நினைத்திருப்பான், அவனும் கேட்கவில்லை. மறுநாளும் அக்கா வைத்தாள். அதற்கடுத்த நாளும். பாதி நாள் அவளாகவே கையைப் பிடித்து வைத்தாள், பாதி நாள் நானே கையை நீட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஒப்பவில்லை. வேண்டாம் என்று வாயால் சொன்னவள், தினம் காலையில் கையால் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு வரிசையில் நின்று ஊசியையே போட்டிருக்கலாம். முட்டை பொறுக்கும்போது என் கையை நானே பார்ப்பேன். யாருடைய கையோ போல இருக்கும். பக்கத்தில் யாராவது இருமினால் நகர்ந்து நிற்பேன். எனக்கு இருமல் வந்தால் அக்காவிடமிருந்து நகர்ந்து நிற்பேன். அவள் வீட்டில் இன்னொரு சாவு என்னால் விழுந்தால் அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என் உடம்பு என் இஷ்டம் என்று சொல்வது சுலபம். அந்த உடம்பை இழுத்துக்கொண்டு நாலு பேர் நடுவில் நின்றுதானே வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

மாட்டிக்கொண்டது எப்படி என்றால், மற்றவர்கள் கையில் பொட்டு அழிந்துவிட்டது. தண்ணீரிலும் சோப்பிலும் கிடக்கிற கைகளில் அது ஒரு வாரத்தில் மங்கி, அப்புறம் போயே போய்விட்டது. வாட்ச்மேனும் பார்ப்பதை விட்டுவிட்டான். நானும் அக்காவும் அதைக் கவனிக்கவில்லை. காலையில் எழுந்தால் பல் விளக்குகிற மாதிரி அது பழகிவிட்டது. பண்ணையிலேயே கையில் பளிச்சென்று பொட்டு இருந்த ஒரே ஆள், ஊசி போடாத நான்.

முட்டைத் தட்டை வாங்கும்போது சூப்பர்வைசர் பார்த்துவிட்டான்.

“எல்லாருக்கும் அழிஞ்சு போச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிங்க்கா நேத்து வெச்சாப்புல இருக்குது?”

“நா கை கழுவறதில்லீங்க சார்” என்றேன்.

அவன் கட்டைவிரலால் என் புறங்கையைத் தேய்த்தான். சரியாகக் காயாத மருந்து அவன் விரலில் ஒட்டியது. அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். யார் வைத்தது என்று கேட்டான். நானேதான் என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு முட்டை அடுக்கினாள். ஊசி போட்டுக்கொண்டு வந்தால் வா, இல்லையென்றால் வராதே என்று அனுப்பிவிட்டான். அவன் கோபப்பட்டது நியாயம்தான். பொய் சொன்னது நான்தான். ஆனால் அவன் என் கையைத் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பண்ணையில் யாரும் எதையும் தொடுவதற்கு முன்னால் கேட்பதில்லை.

வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால் உட்காரவில்லை. கூட்டின இடத்தையே கூட்டினேன். கழுவின பாத்திரத்தையே கழுவினேன். சும்மா இருந்து பழக்கமில்லாத உடம்பு. விடிந்ததும் கால் தானாகப் பண்ணைப் பக்கம் நடக்கும், வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். நடுவில் ஒரு நாள் ஊர் ஆட்கள் ரெண்டு பேரும் ஊசிப் பெட்டியோடு ஒரு அம்மாவும் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். பஞ்சாயத்தில் நான் ஒருத்திதான் பாக்கியாம். பாக்கி என்றுதான் சொன்னார்கள். ஏதோ நான் வரி கட்டாத மாதிரி. இந்த ஊசியில் என்ன இருக்கிறது, எனக்கு ரத்தப்போக்கு இருந்திருக்கிறது, அதற்கு இது ஆகுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாரும் போடறாங்க, கைய நீட்டு என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. கதவைச் சாத்திவிட்டேன். வெளியே நின்று ஒருத்தர், படிக்காத முண்டங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது என்றார். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அது கிடக்கட்டும்.

என் வீட்டுக்காரர் போர் வண்டியில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே எங்காவது ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் கத்தினார்.

“போட்டுத் தொலச்சுட்டு வேலைக்குப் போ. என்ற கைய ஸ்டேட் பார்டர்ல நீட்டச் சொன்னான், நீட்டுனேன். செத்தா போயிட்டேன்?”

“உங்களக் கேட்டானுங்களா?”

“கேக்கறதுக்கு என்ன இருக்குது?”

போனை வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஏன் என்று இப்போது சொல்லியாக வேண்டும். என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு பையன் பிறந்தான். அரசு ஆஸ்பத்திரியில். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. பையன் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அழுது முடித்த பிறகு, உனக்கென்ன வயசா போச்சு, இன்னொன்று பிறக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நம்பினேன். பிறக்கவில்லை. வருஷம் போனது. திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறினேன். கசப்பு மருந்து குடித்தேன். அடிவயிறு வலிக்கும். மாசத்தில் பாதி நாள் ரத்தம் நிற்காது. துணியைக் கட்டிக்கொண்டு முட்டைத் தட்டைத் தூக்குவேன். இவள் உடம்பில் சூடு, கரு தங்காது என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். கடைசியில் நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் போய் ஸ்கேன் எடுத்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார்.

“காப்பர் டி போட்டுக்கிட்டு வந்து கொழந்த நிக்கலைங்கறீங்களே, வெளையாடறீங்களா?”

காப்பர் டி என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. கர்ப்பம் நிற்காமலிருக்க உள்ளே வைப்பதாம். பையன் பிறந்த கையோடு வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். பையன் செத்தபோது அது உள்ளே இருந்தது. மலைப்படி ஏறும்போது உள்ளே இருந்தது. மாமியார் திட்டும்போது உள்ளே இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கே இருந்த ஒரு அம்மா, கேக்காம நாங்க போட மாட்டோமே, உங்க ஆளுக யாராச்சும் தலையாட்டியிருப்பீங்க என்றார். நான் ஆட்டவில்லை. வலியில் கிடந்தேன். வீட்டுக்காரர் தான் ஆட்டவில்லை என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மாமியார் இப்போது இல்லை. யார் தலையாட்டியது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதை எடுத்த பிறகும் எனக்குக் குழந்தை தங்கவில்லை. உள்ளே புண்ணாகிக் கெட்டுப்போயிருந்தது என்றார்கள்.

காப்பர் டி நல்ல பொருள்தான். வேண்டும் என்று கேட்டுப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். எனக்கே அந்த ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொல்லியிருந்தால், ரெண்டு பிள்ளை போதும் என்று நானே அன்று சரி சொல்லியிருப்பேனோ என்னமோ. பையன் செத்ததும் போய் எடுத்துவிட்டிருப்பேன். உள்ளே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தானே எடுக்கச் சொல்ல முடியும். என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

இதை நான் மகளிடம் சொன்னதில்லை. தம்பி செத்துப்போனான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

வேலை போன விஷயத்தை அவளிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் மதியத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் ஒரு பந்தல். நாலு நாற்காலி, ஒரு மேசை, ஊசிப் பெட்டி. உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயசு கூட இருக்கும். கூப்பிட்டு யாரையும் இழுக்கவில்லை. ரோட்டில் போர் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். ஏன் திரும்பினேன் என்று கேட்டால், அக்கா சொன்ன அந்தக் கொழுந்தன் பேச்சு ஒரு பக்கம். விழுந்த கொட்டகை ஒரு பக்கம். இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

ரத்தப்போக்கு பற்றிக் கேட்டேன். இப்போதும் போகிறதா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் போடலாம், ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம், கை வலிக்கும் என்றாள்.

“வேண்டாம்னா?” என்றேன்.

“வேண்டாம்னா எந்திரிச்சு அக்கட்டால போங்க்கா. பின்னால வர்றவங்க உக்காரட்டும். வெயில் கொளுத்துது.”

என்னிடம் அன்பாகப் பேசினாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. போனாலும் சரி, இருந்தாலும் சரி. எனக்கு அது போதுமாக இருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினேன். குத்தினது தெரியவே இல்லை.

போன் நம்பர் கேட்டாள். என்னிடம் இருப்பது பட்டன் போன், அதன் நம்பர் எனக்கே நினைவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் மகளுடையது. அதைச் சொன்னேன்.

ஆஸ்டல் வாசலுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் மகள் வெளியே வந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மெசேஜ் வந்துவிட்டது, அம்மா ஊசி போட்டாச்சு என்று. சர்டிபிகேட்டையும் எடுத்துவிட்டாளாம். பண்ணை வாட்ஸ்அப் எல்லாம் அவள் போனுக்குத்தான் வரும் என்பதால் சூப்பர்வைசர் நம்பர் அவளிடம் இருந்தது. வேலை போனதையும் அவன் அவளிடம் முன்னமே சொல்லியிருக்கிறான். உடனே அவனுக்கு அனுப்பிவிட்டாள். அவனும் உடனே பதில் போட்டிருந்தான். நாளைக்கு வரச் சொல்லு.

எனக்கு வந்ததே கோபம். நடுரோட்டில் கத்தினேன். நான் போட்டுக்கொண்டது, நான் சொல்வேன், சொல்லாமல் இருப்பேன், நீ யார் அவனுக்கு அனுப்ப என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, இதில் கத்துவதற்கு என்ன இருக்கிறது என்றாள். நல்லதுதானேம்மா பண்ணினேன் என்றாள். என் வாழ்க்கையில் என்னைக் கேட்காமல் செய்த எல்லோரும் நல்லதுதான் செய்தார்கள்.

ஆஸ்டலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையன், காப்பர் டி, ஸ்கேன், தலையாட்டினது. கட்டிக்கொண்டு போன சோற்றை ரெண்டு பேரும் பிரிக்கவில்லை. அவள் அழவில்லை, என்னை மாதிரிதான் அவளும். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“இத முன்னாலயே சொல்லியிருந்தா நா அனுப்பியிருக்கவே மாட்டேன்மா.”

அவள் மனசாரத்தான் சொன்னாள். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை என்னை அரித்தது. அப்படியென்றால் என் வயிற்றைக் கிழித்துக் காட்டின பிறகுதான் நான் சொல்கிற வேண்டாம் வேண்டாமாக ஆகுமா? காரணம் இல்லாமல் ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் அது செல்லாதா? சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவனும் அன்று கையை விட்டிருப்பான். வாசலுக்கு வந்த அந்த அம்மாகூட ஐயோ பாவம் என்றிருப்பார். எனக்கு ஐயோ பாவம் வேண்டாம். கேட்டால் போதும். கேட்டுவிட்டு, நான் சொல்வது வரைக்கும் நின்றால் போதும்.

மறுநாள் விடிந்ததும் போனேன். அன்று புதுக் கொட்டகைக்கு ஊசி. கேட்டில் சூப்பர்வைசரே நின்றிருந்தான். வாசலில் நூறு சதவீதம் என்று போர்டு மாட்டியிருந்தது, நான் போடுவதற்கு முன்னாலேயே எழுதி வாங்கிவிட்டிருக்கிறான். அவன் கையில் ஊதா மருந்துப் பாட்டில்.

“சர்டிபிகேட் பாத்துட்டனுங்க்கா. கைய நீட்டுங்க” என்றான். சிரித்த முகமாகத்தான் சொன்னான்.

“சர்டிபிகேட்டு உங்க போன்ல இருக்குதுல்லீங்க சார். பொட்டு எதுக்கு?”

“எல்லாருக்கும் வெச்சதுதானுங்க. ஊசியே போட்டுட்டீங்க, ஒரு பொட்டுக்கு இத்தன நாயம் பேசோணுமா?”

“ஊசி நானாப் போட்டுக்கிட்டது. பொட்டு நீங்க வெக்கறது. அது வேண்டாம்.”

வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். இன்னும் பொட்டு வைத்துத்தான் உள்ளே விடுவீர்கள் என்றால் நான் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லித் திரும்பினேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை. போய்த்தான் இருப்பேன். மகளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது, ஆனாலும் கால் திரும்பிவிட்டது. நாலடி நடந்திருப்பேன். உள்ளே இருந்து அக்காவின் குரல் கேட்டது. வெயில் ஏறுது சார், கோழி புடிக்க ஆளில்லாம ஊசிக்காரரு சும்மா நிக்கறாரு என்றாள்.

அவன் பாட்டிலை மூடினான். போங்க்கா என்றான். ஒத்துக்கொண்டான் என்று எல்லாம் இல்லை. அவனுக்கு ஆள் வேண்டும்.

அன்று நேரமாகிவிட்டது, மதியம் வரைக்கும் பிடித்தேன். ஊசிக்காரர் குத்தினார், அக்கா பொட்டு வைத்தாள். ஊசி போட்ட என் கை வலித்தது, லேசாகக் காய்ச்சல் அடித்தது, இருந்தாலும் விடவில்லை. கோழிகள் திமிறின. இறுக்கிப் பிடித்தேன். கோழியிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்பதற்கு எவனுக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை, எல்லோரும் பேசுகிற அதே தமிழைத்தான் நானும் பேசுகிறேன்.

இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தபோது பண்ணையில் போட்டார்கள், நான் போடவில்லை. அதற்கப்புறம் எனக்குத் தோன்றின ஒரு நாளில் மோகனூர்ப் பக்கம் போய்ப் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை என் பட்டன் போன் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பழைய நம்பர்தான் ஏறியிருக்கிறது, மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் மேலே இருந்துதான் ஆர்டர் போலிருக்கிறது. மெசேஜ் மகளுக்குத்தான் போனது.

சாயங்காலம் போன் செய்தாள். சாப்பிட்டாயா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

“சர்டிபிகேட் வந்திருக்குதும்மா. பண்ணைக்கு அனுப்பட்டுமா?”

“வேண்டாம் சாமி.”

சரிம்மா என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.